வயர் காயில் கனமாக இருந்தால் நல்ல வயர் என்று எடுத்துக்கொள்ளலாமா? 90 மீட்டர் காயில் எவ்வளவு எடை இருக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். கடையில் இரண்டு காயில்களைக் கையில் கொடுத்து, "எது கனமோ அதுதான் அசல் செம்பு" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கொத்தனாராக இருக்கலாம், கடைப் பையனாக இருக்கலாம். எங்கள் பக்கம் பெரும்பாலும் மாமனார்தான்.

நான் தங்கச்சிமடத்துக்காரன். ஐடிஐயில் வயர்மேன் படித்துவிட்டு, பாம்பனிலிருந்து உச்சிப்புளி வரை வீடுகளுக்கு வயரிங் செய்து பிழைக்கிறேன். பொறியாளர் இல்லை. ஆனால் இந்த எடை விஷயத்தில் பொறியாளர்களோடும் வாதாடியிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம், கணக்கு அதில் முடிந்துவிடும்.

ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள கம்பி ஒரு மீட்டர் நீளம் இருந்தால், அதன் கன அளவு சரியாக ஒரு கன சென்டிமீட்டர். அந்த அளவு செம்பு சுமார் 8.9 கிராம் இருக்கும். ஆகவே வயரின் மேல் அச்சிட்டிருக்கும் சதுர மில்லிமீட்டரை 8.9ஆல் பெருக்கினால், ஒரு மீட்டரில் எத்தனை கிராம் செம்பு என்பது வந்துவிடும். கடையில் இரண்டரை ஸ்கொயர் (அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர்) என்று கேட்டு வாங்குகிறோமே, அதற்கு 22 கிராம். ஒன்றரைக்கு 13, ஒன்றுக்கு 9, நாலுக்கு 35 என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். 90 மீட்டர் இரண்டரை ஸ்கொயர் காயிலில் செம்பு மட்டும் 2 கிலோ. மேலே உள்ள பிவிசி உறை முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை வரும். மொத்தம் 3 கிலோவை ஒட்டி நிற்கும்.

"அப்படியானால் 3 கிலோ காட்டினால் வாங்கிவிடலாமே" என்று கிளம்பிவிடாதீர்கள். இங்கேதான் எங்கள் உறவு வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்காள்மடத்தில் என் தங்கை கணவர் வீடு கட்டினார். அவர் குவைத்தில் இருக்கிறார். பணம் அங்கிருந்து வரும், முடிவு அவருடைய அப்பாவிடமிருந்து வரும். வயர் வாங்கும் பட்டியலை நான் எழுதிக் கொடுத்திருந்தேன், கம்பெனி பெயரோடு. மாமா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெளியூரில் ஏதோ ஒரு கடையில் மூன்றில் ஒரு பங்கு விலை குறைவு என்று பாதிச் சரக்கை அங்கே எடுத்துவிட்டார். வேலைக்குப் போனபோது திண்ணையில் இரண்டு வகைக் காயிலும் இருந்தன. மாமா என் இரண்டு கையிலும் ஒவ்வொன்றைக் கொடுத்தார்.

"தம்பி, இப்போது சொல்லுங்கள். எது கனம்?"

அவர் வாங்கியதுதான் கனம். சந்தேகமே இல்லை. சுற்றி நின்ற கொத்தனார், சித்தாள், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கமிஷனுக்காக விலை கூடிய கம்பெனியை எழுதினேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். (கமிஷன் பேச்சு வந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன். காயில் பெட்டிக்குள் எலக்ட்ரீஷியனுக்கென்று கம்பெனிக்காரன் கூப்பன் வைப்பதுண்டு. அதை எடுத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. கருத்துப் பகுதியில் இதைப் பற்றி நியாயம் பேச வருகிறவர்கள், ஒரு முறை ஏணியில் ஏறி சித்திரை வெயிலில் மாடி ஓரத்தில் குழாய் செதுக்கிவிட்டு வாருங்கள்.)

இரண்டு காயிலிலும் டேப் வைத்துச் சரியாக ஒரு மீட்டர் வெட்டினேன். உறையை நீளவாக்கில் கத்தியால் கீறி முழுவதும் உரித்தேன். கம்பெனி வயரின் உறை ரப்பர் மாதிரி இழுபட்டு வந்தது. மாமாவின் வயரில் அது துண்டு துண்டாக விட்டு வந்தது, மடித்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்தது. செம்பை விரலில் சுற்றி இரண்டு வளையங்களாக்கி, மாமாவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு தெரிந்த நகைப் பட்டறைக்குப் போனேன். மளிகைத் தராசு இதற்குச் சரிப்படாது. பட்டறைக்காரர் வளையத்தைத் திருப்பிப் பார்த்து, "இதற்கு எத்தனை காரட் போடட்டும்?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டில் வைத்தார். கம்பெனி வயர் 21 கிராமும் சில்லறையும் காட்டியது. மாமாவின் வயர் 14 கிராமைத் தொடவில்லை.

அதாவது இரண்டரை ஸ்கொயர் என்று அச்சடித்து ஒன்றரை ஸ்கொயர் செம்பு. மிச்ச கனம் எங்கிருந்து வந்தது? உறையிலிருந்து. பிவிசியில் சுண்ணாம்புத் தூள் சேர்ப்பது தொழிலில் வழக்கம்தான், நல்ல கம்பெனியும் அளவோடு சேர்க்கும். ஆனால் அந்தத் தூள் பிவிசியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். தடியாக உறை போட்டு, அதில் தூளை அள்ளிக் கொட்டினால், செம்பைத் திருடிய பிறகும் காயில் கையில் நன்றாகக் கனக்கும். செம்பு விலையோ தூள் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

மாமா என்ன சொன்னார் தெரியுமா? "நகைக்கடைத் தராசு தங்கத்துக்குத்தான் சரியாக இருக்கும்."

எடை என்ற பேச்சு வந்தாலே எனக்குக் கொஞ்சம் சூடாகிவிடும், அதற்குக் காரணம் வயர் அல்ல. அப்பா நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போனவர். கரையில் ஏஜெண்ட் தராசு வைத்து உட்கார்ந்திருப்பார். நிறுத்த பிறகு ஈரக் கழிவு என்று ஒரு கழிவு, கால் ஒடிந்தது என்று ஒரு கழிவு, பெட்டியின் எடை என்று இன்னொன்று. பெட்டி எவ்வளவு எடை என்று அவர்தான் சொல்வார். வலைக்கு முன்பணம் அவரிடம் வாங்கியிருப்பதால், வேறு ஆளிடம் கொண்டுபோய் நிறுக்கவும் முடியாது. வாங்கும்போது கழிப்பார்கள், நமக்கு விற்கும்போது தூளைச் சேர்த்துக் கூட்டிக் கொடுப்பார்கள். கடற்கரையில் பிறந்தவன் தராசைச் சந்தேகமாகப் பார்ப்பது பழக்கம். இது கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது, தெரியும்.

சரி, 14 கிராம் செம்பு இருந்தால் என்ன கெட்டுப்போகும்? பல்பு எரியும், விசிறி சுற்றும். இரண்டு வருடம் யாருக்கும் எதுவும் தெரியாது. ஏசியோ இண்டக்‌ஷன் அடுப்போ ஓடும்போதுதான் கதை. செம்பு குறைந்த அளவுக்கு மின்தடை கூடும். அதே மின்சாரத்துக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் சூடு. பலர் "எம்சிபி போட்டிருக்கிறோமே, அது விழுந்துவிடும்" என்கிறார்கள். அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானே அணையும் சுவிட்ச்தான் எம்சிபி. எம்சிபிக்கு வயர் தடியா மெலிசா என்று தெரியாது. அதன் வழியாக எத்தனை ஆம்பியர் போகிறது என்பது மட்டும்தான் தெரியும். இரண்டரை ஸ்கொயரை நம்பி 20 ஆம்பியர் எம்சிபி போட்டிருந்தால், உள்ளே இருக்கும் ஒன்றரை ஸ்கொயர் குழாய்க்குள் வெந்துகொண்டிருக்கும்போதும் அது நிமிர்ந்து நின்றுகொண்டிருக்கும்.

எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்று. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றதற்கு அரிப்பும் ஒரு காரணம். உலோகம் அரிப்பதைச் சோதிக்கவென்றே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் போர்டைக் கழற்றினால் வயர் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். தூள் உறை வெடித்த இடத்தில் அந்த ஈரம் உள்ளே இறங்கும். மெலிந்த இழைகளுக்கு அதைத் தாங்கச் சதை கிடையாது. மதுரைக்காரர் பத்து வருடம் ஓட்டும் மட்ட வயரை இங்கே அத்தனை நாள் ஓட்ட முடியாது என்பது என் அனுபவம். மதுரைக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

இப்போது படித்தவர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஐஎஸ் 8130 என்ற தரநிலை செம்பின் எடையைக் கேட்பதில்லை, மின்தடையைத்தான் கேட்கிறது. இரண்டரை ஸ்கொயர் நெகிழ்கம்பிக்கு (மெல்லிய இழைகள் பல சேர்ந்த கம்பி) 20 டிகிரி வெப்பத்தில் கிலோமீட்டருக்கு 7.98 ஓமுக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான். சுத்தமான செம்பு போடுகிற கம்பெனி 22க்குப் பதில் 20 கிராமிலேயே அதைச் சாதித்துவிட முடியும். ஆகவே ஒரு கிராம், இரண்டு கிராம் குறைந்ததற்காகக் கடைக்காரரின் சட்டையைப் பிடிக்காதீர்கள். அதற்கும் கீழே போனால் கேள்வி கேளுங்கள். எதிர்ப் பக்கமும் உண்டு. பழைய செம்பை அரைகுறையாக உருக்கி இழுத்த கம்பி எடையில் சரியாக நிற்கும், தடையில் தோற்கும். அதை நகைப் பட்டறைத் தராசு பிடிக்காது, மின்தடையை அளக்கும் கருவிதான் பிடிக்கும்.

செம்பு என்று சொல்லி விற்கும், செம்பு முலாம் பூசிய அலுமினியத்தைப் பிடிக்கத் தராசே தேவையில்லை. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். லைட்டர் நெருப்பில் காட்டினால் சீக்கிரமே உருகித் தொங்கும். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில், செம்புக்கு 1085 வேண்டும்.

நீளத்தையும் பாருங்கள். மாமாவின் காயில் ஒன்றை ரோட்டோரம் விரித்து அளந்ததில் 90க்குப் பதில் 83 மீட்டர்தான் இருந்தது. கடைக்காரர் வெட்டாத காயில்களை முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்ப எடுத்துக்கொண்டார், வெட்டியதை எடுக்கவில்லை. அதை மாமா மாடியில் துணி காயப்போடக் கட்டியிருக்கிறார். அந்த வேலைக்கு நல்ல வயர்.

நீங்கள் இன்னும் வாங்கவில்லை என்றால், வயர் மேல் ஐஎஸ் 694 என்ற எண்ணும், ஐஎஸ்ஐ முத்திரையும், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பிவிசி வயருக்கு இந்த முத்திரை 2003ஆம் ஆண்டு ஆணைப்படி கட்டாயம். அந்த எண்ணை, முத்திரை கொடுக்கும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யாருடைய உரிமம் என்று காட்டும். முத்திரையையே போலியாக அடிப்பவனும் இருக்கிறான், அதனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

ஏற்கனவே வயர் இழுத்துவிட்டார்களா? அப்படியானால் எம்சிபிகள் இருக்கும் டிபி பெட்டியில் மிச்சம் விட்டுத் தொங்கும் துண்டில் அரை மீட்டர் கிடைக்கும். மெயினை நிறுத்தி உங்கள் எலக்ட்ரீஷியனை வைத்து வெட்டச் சொல்லுங்கள், உரித்துச் செம்பை மட்டும் எடை போட்டு இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். எத்தனை கிராம் வந்தது என்று கீழே எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.