பழைய விளையாட்டு, புதிய கணினி: திக்கல் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: சிம் லிம் ஸ்குவேரில் பாகங்கள் வாங்கிப் புதுக் கணினி பூட்டினேன். இன்டெல் ஐ5-14600கே, ஆர்டிஎக்ஸ் 5070, 32 ஜிபி ரேம், 165 ஹெர்ட்ஸ் திரை, 8000 ஹெர்ட்ஸ் மவுஸ். புதிய விளையாட்டுகள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஆனால் ஃபால்அவுட் நியூ வேகஸ், ஃபியர், பார்டர்லேண்ட்ஸ் 2 மூன்றும் பழைய மடிக்கணினியில் ஓடியதைவிட மோசமாகத் திக்குகின்றன. ரேமை 64 ஜிபி ஆக்கினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். ஆக்கலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: வேண்டாம், அந்த வெள்ளி உங்கள் கையிலேயே இருக்கட்டும். மூன்றும் 32-பிட் விளையாட்டுகள். 32-பிட் நிரல் சாதாரணமாக 2 ஜிபி நினைவகத்தைத் தாண்டாது. நிரல் கோப்பில் அதற்கான குறி இருந்தால் 4 ஜிபி வரை போகும், அவ்வளவுதான். உங்களிடம் இருக்கும் 32 ஜிபியிலேயே பெரும்பகுதி அவற்றின் கண்ணில் படாது.

எல்லாவற்றையும் ‘லேக் அடிக்கிறது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். இந்த மூன்றிலும் திக்கலுக்குக் காரணம் வெவ்வேறு, மருந்தும் வெவ்வேறு. முதலில் எப்போது திக்குகிறது என்று பாருங்கள். ரிவாட்யூனர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சர்வர் என்ற கருவியை நிறுவி, பிரேம் டைம் (ஒவ்வொரு பிரேமும் எடுக்கும் நேரம்) வரைபடத்தைத் திரையில் வரவழையுங்கள். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிநொடி, கோடு அந்த உயரத்தில் தட்டையாக ஓட வேண்டும். மூலையில் 60 என்ற எண் அசையாமல் நிற்கும்போதே கோட்டில் 33-க்கு முட்கள் எழும்பலாம். அந்த எண் சராசரி என்பதால் முள்ளை மறைத்துவிடும். முள் சீரான இடைவெளியில் வருகிறதா, மவுஸைத் திருப்பும்போது மட்டுமா, வெடிச் சண்டையில் மட்டுமா, நேரம் போகப் போகக் கூடுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றுங்கள்.

நியூ வேகஸை 60 பிரேமுக்கு மேல் ஓடவிடாதீர்கள். அதன் இயற்பியல் கணக்கு 60-ஐ நம்பி எழுதப்பட்டது. கூடினால் மேசைமேல் இருக்கும் பொருள்கள் தாமாகத் துள்ளி விழும். ரிவாட்யூனரிலோ என்விடியா கண்ட்ரோல் பேனலின் ‘மேக்ஸ் ஃபிரேம் ரேட்’டிலோ 60 என்று வையுங்கள். இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் போட்டால் ஒன்றின் காலை ஒன்று வாரும்.

இங்கேதான் உங்கள் திரை குறுக்கே வருகிறது. அது நொடிக்கு 165 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. 165-ஐ 60-ஆல் வகுத்தால் 2.75. பாதியில் ஒரு பிரேமை எடுத்துவிடத் திரைக்கு வழியில்லை என்பதால், மூன்று பிரேம்களைத் தலா மூன்று புதுப்பிப்பும் நான்காவதை இரண்டு புதுப்பிப்பும் காட்டும். அதாவது 18.2, 18.2, 18.2, 12.1 மில்லிநொடி. விளையாட்டில் ஒரு குறையும் இல்லாமலே கண்ணுக்கு நொண்டல் தெரியும். திரையை 120 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் ஒவ்வொரு பிரேமும் சரியாக இரண்டு புதுப்பிப்பு நிற்கும். விளையாட்டின் வேகத்துக்கே திரையைப் புதுப்பிக்கவைக்கும் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் உண்மையிலேயே வேலை செய்தால் இறக்கத் தேவையில்லை. திரையின் சொந்த மெனுவில் புதுப்பிப்பு எண்ணைக் காட்டவைத்துப் பாருங்கள். விளையாடும்போது அது 165-லேயே நின்றால் ஜி-சிங்க் இயங்கவில்லை என்று பொருள்.

இதற்குப் பிறகும் நியூ வேகஸ் இடறும், ஏனென்றால் அதன் சொந்தக் கோளாறு நேரம் பார்க்கும் விதத்தில் இருக்கிறது. எவ்வளவு நேரம் கழிந்தது என்று தெரிந்துகொள்ள அது விண்டோஸின் பழைய டிக் எண்ணியைக் கேட்கிறது. அந்த எண்ணி நொடிக்கு 64 முறைதான் நகரும், 15.6 மில்லிநொடிக்கு ஒரு தாவல். விளையாட்டோ நொடிக்கு 60 பிரேம் வரைகிறது. ஆகவே பெரும்பாலான பிரேம்களில் ஒரு தாவலும் நொடிக்கு நான்கு பிரேம்களில் இரண்டு தாவலும் கணக்கில் சேர்கின்றன. அந்த நான்கு பிரேம்களில் பாத்திரம் இரட்டை அடி வைக்கிறது. எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு போட்டாலும் இது மாறாது.

தீர்வு ரசிகர்கள் உருவாக்கிய ஒட்டுகளில் (பேட்ச்) இருக்கிறது. முதலில், 4 ஜிபி குறியை நிரல் கோப்பில் போடும் 4ஜிபி பேட்ச்சரை விளையாட்டுக் கோப்புறையில் வைத்து ஒருமுறை இயக்குங்கள். அடுத்து, மற்ற ஒட்டுகளை விளையாட்டுக்குள் ஏற்றும் எக்ஸ்என்விஎஸ்இ கோப்புகளை, விளையாட்டின் இஎக்ஸ்இ இருக்கும் அதே இடத்தில் போடுங்கள். கடைசியாக, நேரக் கணக்கைத் திருத்தும் நியூ வேகஸ் டிக் ஃபிக்ஸ். அது டேட்டா, அதற்குள் என்விஎஸ்இ, அதற்குள் பிளகின்ஸ் என்ற கோப்புறைக்குப் போக வேண்டும். கோப்பு இடம் மாறினால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, ஒட்டு பேசாமல் கிடக்கும். பலர் ‘போட்டும் பயனில்லை’ என்று கைவிடுவது இந்த இடத்தில்தான்.

பழைய கணினியில் நன்றாக ஓடிய வேறு சில விளையாட்டுகள் திடீரென்று தடுமாறுவதற்கும் நேரக் கணக்கே காரணமாக இருக்கலாம். 2020-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 2004-க்கு முன்பு, பின்னணியில் திறந்திருக்கும் பிரவுசர் ‘எனக்குத் துல்லியமான கடிகாரம் வேண்டும்’ என்று கேட்டால் கணினி முழுவதற்கும் அது கிடைத்தது. இப்போது கேட்ட நிரலுக்கு மட்டுமே கிடைக்கிறது. கேட்கத் தெரியாத பழைய விளையாட்டு 1 மில்லிநொடி தூங்கப் போய் 15 மில்லிநொடி கழித்து எழுந்திருக்கும்.

ஃபியர் வேறு வகை. மவுஸ், விசைப்பலகை போன்ற எச்ஐடி சாதனங்களை அது கையாளும் விதத்தில் ஒரு பிழை உண்டு. புதிய கணினியில் நேரம் போகப் போகப் பிரேம் எண்ணிக்கை சரியும். இதற்கென்றே எழுதப்பட்ட டிஇன்புட்8 என்ற டிஎல்எல் கோப்பை விளையாட்டுக் கோப்புறையில் போட்டால் தீரும். அதோடு உங்கள் மவுஸையும் சந்தேகியுங்கள். நொடிக்கு 8000 செய்தி அனுப்பினால், அத்தனையையும் ஒரே இழையில் (ஒரே வேலைத் தொடரில்) வரிசையாகப் படிக்கும் பழைய விளையாட்டுக்குப் படம் வரைய நேரம் எங்கே? சோதனை எளிது: விசைப்பலகையால் மட்டும் நேராக நடந்து பாருங்கள், பிறகு மவுஸைச் சுழற்றுங்கள். சுழற்றும்போது மட்டும் முள் எழும்பினால் மவுஸ் மென்பொருளில் போலிங் ரேட்டை (நொடிக்கு எத்தனை செய்தி என்ற எண்ணை) 250-க்கோ 125-க்கோ குறையுங்கள்.

பார்டர்லேண்ட்ஸ் 2-இல் தவறு உங்கள் கார்டின் தலைமுறையில். ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் 32-பிட் நிரல்களுக்கான கூடா (CUDA, கார்டிலேயே கணக்குப் போடவைக்கும் வழி) ஆதரவை என்விடியா எடுத்துவிட்டது. அதனால் பிசிக்ஸ் (PhysX) என்ற என்விடியா மென்பொருள் உருவாக்கும் துகள்களின் கணக்கு முழுவதும் சிபியு தலையில் விழுந்தது. வெடி வெடித்தால் படம் நின்றுவிடும். 2025 டிசம்பரில் வந்த டிரைவர், இது உட்படச் சில விளையாட்டுகளுக்கு மட்டும் ஆதரவைத் திரும்பக் கொடுத்தது. டிரைவரைப் புதுப்பியுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் விளையாட்டுக்குள் பிசிக்ஸ் எஃபெக்ட்ஸை ‘லோ’வில் வையுங்கள்.

உங்கள் சிபியுவில் 6 பெரிய கோர், 8 சிறிய கோர். பழைய விளையாட்டின் முதன்மை இழை சிறிய கோரில் மாட்டிக்கொள்வதும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ், விளையாட்டின் பெயர்மேல் வலச் சொடுக்கு, செட் அஃபினிட்டி. சிபியு 0 முதல் 11 வரை விட்டுவிட்டு 12 முதல் 19 வரை நீக்குங்கள். விளையாட்டை மூடினால் இது மறைந்துவிடும், ஆகவே பலன் தெரிந்தால் மட்டும் பிராசஸ் லாஸோ என்ற மென்பொருளில் நிரந்தரமாக்குங்கள். கூடவே என்விடியா கண்ட்ரோல் பேனலில் அந்த விளையாட்டுக்கு மட்டும் பவர் மேனேஜ்மென்ட்டை ‘பிரிஃபர் மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்கலாம். வேலை குறைவு என்று கார்டு அரைத் தூக்கத்துக்குப் போவதை இது தடுக்கும்.

யூடியூப் பார்த்து, விண்டோஸின் தொடக்க அமைப்புகளை மாற்றும் பிசிடிஎடிட் கட்டளையில் ‘யூஸ்பிளாட்ஃபார்ம்கிளாக்’ போட்டிருந்தால் நீக்கிவிடுங்கள். கணினியை மெதுவான கடிகாரத்தில் கட்டிப்போடும் வேலை அது, இல்லாத திக்கலையும் கொண்டுவரும்.

ஃபியரில் படம் சீராகி ஒலி மட்டும் வெறுமையாகத் தோன்றினால் அது தனிக் கதை. அதன் ஈஏஎக்ஸ் ஒலியை (இடத்துக்கேற்ற எதிரொலி தரும் நுட்பம்) கொடுத்தது நம் ஜூரோங் ஈஸ்ட்டின் கிரியேட்டிவ் நிறுவனம். 2007-இல் வெளியான விண்டோஸ் விஸ்டா, அது நம்பியிருந்த டைரக்ட்சவுண்ட் வன்பொருள் வழியை அடைத்துவிட்டது. சவுண்ட் பிளாஸ்டர் கார்டு இருந்தால் அந்நிறுவனத்தின் ஆல்கெமி மென்பொருள் அந்த வழியைத் திறந்துவிடும். கார்டு இல்லாதவர்களுக்கு டிஎஸ்ஓஏஎல் என்ற இலவச டிஎல்எல் உண்டு, அதையும் விளையாட்டுக் கோப்புறையிலேயே போட வேண்டும்.