ஒன் பிட்ச் கேட்ச்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் பேஸ்பால் பற்றிப் பள்ளிக்குக் கட்டுரை எழுதுகிறான். 1839-ல் நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபுள்டே கண்டுபிடித்தார் என்கிறது ஒரு பழைய புத்தகம். அது கட்டுக்கதை என்கிறார் அவன் நண்பனின் தாத்தா. நம் கிரிக்கெட்டிலிருந்து வந்திருக்கும் என்பது என் எண்ணம். உண்மையில் யார்தான் கண்டுபிடித்தது?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

தாத்தா சொன்னதுதான் சரி. 1839-ல் டபுள்டே வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர். பேஸ்பாலை உண்டாக்கியது தான் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் இறந்து 12 ஆண்டுகள் கழித்து, 1905-ல், இதை விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். ஆப்னர் கிரேவ்ஸ் என்ற முதியவர் டென்வரிலிருந்து எழுதிய கடிதத்தை நம்பி, டபுள்டேதான் என்று முடிவுகட்டினார்கள். 1839-ல் கிரேவ்ஸுக்கு வயது ஐந்து! கிரிக்கெட்டை விடுங்கள். இரண்டும் பங்காளிகள், தகப்பனும் பிள்ளையும் அல்ல.

ஆனால் 'யார் கண்டுபிடித்தது' என்று கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எதை எடுத்தாலும் ஒரு பெரிய மனிதரைத் தேடிப்பிடித்து மாலை போட்டாக வேண்டுமா? பிள்ளைகள் கூடி உண்டாக்கிய ஒன்றை அவர்கள் கையிலிருந்து ஏன் பிடுங்குகிறீர்கள்?

1744-ல் லண்டனில் ஜான் நியூபெரி வெளியிட்ட சிறுவர் புத்தகத்திலேயே 'பேஸ்பால்' என்ற பெயரில் படமும் பாட்டும் உண்டு. 1791-ல் மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்டில் புதிய சபைக் கட்டடத்தின் ஜன்னல்கள் உடையக்கூடாதென்று, அதிலிருந்து 80 கெஜத்துக்குள் பந்து விளையாடவே தடை போட்டார்கள். தடை செய்த ஆட்டங்களின் பெயர்களில் பேஸ்பாலும் இருக்கிறது, 'கேட்' என்ற ஆட்டமும் இருக்கிறது.

அந்தக் கேட் ஆட்டத்தைப் பாருங்கள். மூன்று பேர்தான் வந்திருக்கிறார்களா? ஒருவன் போட, ஒருவன் அடிக்க, ஒருவன் பின்னால் நின்று பிடிக்க வேண்டியது. அடித்தவன் ஒரு கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடிவர வேண்டும். இது 'ஒன் ஓல்ட் கேட்'. இன்னும் சிலர் வந்துவிட்டால் இரண்டு மட்டைக்காரர்கள், 'டூ ஓல்ட் கேட்'. வந்தவனைத் திருப்பி அனுப்பாமல் ஆட்டத்தையே பெரிதாக்கிக்கொண்டார்கள். எந்தக் குழு கூடி இதைத் தீர்மானித்தது?

எங்கள் பள்ளிக்கூடத்து முற்றம் முப்பது தப்படிக்குள் முடிந்துவிடும். சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டித் துணி உருண்டைமேல் மாட்டினால் அதுதான் பந்து. விரல் எரியும். அதனால் 'ஒன் பிட்ச் கேட்ச் அவுட்'. ஒருதரம் தரையில் குத்தி எழும்பியதைப் பிடித்தாலும் அவுட்தான். எங்கள் கூட்டத்தில் ஆகச் சிறியவன் நான். நேர் கேட்ச் ஒன்றுகூட என் கையில் நின்றதில்லை. ஒன் பிட்ச்சில் பிடித்தபோது என்னைவிட நாலு வயது மூத்த அண்ணன் ஒருவன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். எண்ணெய் வழிந்த அவன் தலைமுடி வாசனை இன்னும் நினைவிருக்கிறது.

1845-ல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் பேஸ்பால் சங்கம் எழுதிவைத்த விதிகளைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. ஒருதரம் எழும்பிய பந்தைப் பிடித்தாலும் அவுட் என்று அதில் இருக்கிறது! கையுறை இல்லாத காலம். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அந்த விதி நீடித்தது. அவர்கள் எங்களைப் பார்த்து எழுதவில்லை, நாங்கள் அவர்களைக் கேட்டதே இல்லை. எரிகிற உள்ளங்கைக்குத்தான் இரண்டு இடத்திலும் ஒரே யோசனை வந்திருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள் செந்தில். பிள்ளையின் கட்டுரைக்காக உட்கார்ந்து கடிதம் எழுதுகிற அப்பா எத்தனை பேருக்குக் கிடைப்பார்? இடைவேளையில் அவனும் நண்பர்களும் தாங்களாகவே வைத்துக்கொண்ட விதி என்னவென்று அவனிடம் கேளுங்கள். கட்டுரையின் முதல் வரியாக அதையே எழுதச் சொல்லுங்கள். எனக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.