கடன் கைமாறினால் வீடு கைமாறாது

தம்பி, அமெரிக்காவில் வீடு வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கடனை வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது, இனி வீடு யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள்.  

ஊரில் பேங்க் மூலப்பத்திரத்தை வாங்கிப் பூட்டி வைக்கும். இங்கே அப்படியில்லை. டீட், அதாவது வீட்டு உரிமைப் பத்திரம், உங்கள் பெயரில் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஆபீசில் பதிவாகி உங்கள் கைக்கே வரும். கடனுக்காக நீங்கள் கையெழுத்துப் போட்டது வேறு இரண்டு: பணம் கட்டுவேன் என்கிற ப்ராமிசரி நோட்டு, வீட்டை ஈடு வைக்கிற மார்ட்கேஜ். விற்பது அந்த நோட்டைத்தான். ஃபிக்ஸட் வட்டி என்றால் ஒரு பைசா ஏறாது. "உடனே ரீஃபைனான்ஸ் பண்ணு", அதாவது புதுக்கடன் வாங்கிப் பழையதை அடை என்று வாட்ஸப் குரூப்பில் கிளப்பிவிடும் நம் ஆட்கள் அந்த நோட்டை ஒருமுறைகூடப் படித்திருக்க மாட்டார்கள்.

நோட்டின் சொந்தக்காரர் வேறு, மாதாமாதம் பணம் வசூலிக்கும் சர்வீசர் வேறு. சர்வீசர் மாறினால் பழைய கம்பெனி 15 நாள் முன்பே எழுத வேண்டும். புதியவரின் கடிதம் மட்டும் வந்திருந்தால் அதிலுள்ள நம்பரை நம்பாதீர்கள். மோசடிக் கடிதங்களும் வருகின்றன. பழைய ஸ்டேட்மென்டில் உள்ள நம்பருக்குப் போன் செய்து உறுதி செய்த பிறகே பணம் அனுப்புங்கள். மாதாமாதம் தானாகப் பணம் போக உங்கள் பேங்கில் போட்ட ஆட்டோபே, புதிய இடத்துக்குத் தானாக மாறாது. தவறிப் பழைய இடத்துக்குப் போனாலும், கெடுவுக்குள் போயிருந்தால் முதல் 60 நாளுக்கு லேட் என்று கணக்கு வைக்கக்கூடாது. வீட்டு இன்சூரன்ஸில் கடன் கொடுத்தவர் பெயரை மாற்றச் சொல்லுங்கள். விட்டால், பாலிசியே இல்லை என்று எண்ணி சர்வீசரே அதிக விலைக்கு ஒன்றை எடுத்து உங்கள் தலையில் கட்டுவார்கள்.

நோட்டு யாரிடம் இருக்கிறது என்று சர்வீசருக்கு எழுத்தில் கேளுங்கள். பேமென்ட் சீட்டில் கிறுக்கி அனுப்பாதீர்கள். இதற்கென்று அவர்கள் கொடுத்திருக்கும் முகவரிக்குத் தனிக் கடிதம். 10 வேலைநாளில் பெயரும் முகவரியும் தந்தாக வேண்டும். மார்ட்கேஜ் முதல் பக்கத்தில் 18 இலக்க எண் இருந்தால், கடன் கைமாறுவதைக் குறித்து வைக்கும் மெர்ஸ் (MERS) இணையதளத்திலும் பார்க்கலாம்.

மெர்ஸ் என்பது கடன் கைமாறும்போதெல்லாம் கவுண்டிக்குப் போய்க் கட்டணம் கட்டிப் பதிவதைத் தவிர்க்க, 1995-ல் இந்தத் தொழிலில் இருப்பவர்களே ஏற்படுத்திக்கொண்ட கம்பெனி. வினையே அங்கேதான். நோட்டுகளை ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டி முதலீட்டாளர்களுக்கு விற்றார்கள். கைமாறிய காகிதம் பல இடங்களில் ஒழுங்காக இல்லை. 2010-ல், படித்தே பார்க்காத பிரமாணப் பத்திரங்களில் பேங்க் ஊழியர்கள் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டு வீடுகளைப் பறித்தது அம்பலமானது. ஜனங்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. 2011 ஜனவரியில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம், ஏலம் விடும்போது மார்ட்கேஜ் தங்கள் கையில் இருந்ததைக் காட்ட முடியாத இரண்டு பேங்குகளின் ஏலங்களைச் செல்லாது என்றது. 2012-ல் ஐந்து பெரிய பேங்குகள் 2,500 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு இறங்கி வந்தன.

அதே நீதிமன்றம் 2011 அக்டோபரில் இன்னொன்றும் சொன்னது: செல்லாத ஏலத்தின் வழியாக வீடு வாங்கியவருக்கும் உரிமை இல்லை. மலிவு என்று, கடன் கட்டாததால் பேங்க் ஏலம் விட்ட பறிமுதல் வீட்டுக்கு ஓடுகிற நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீடு வாங்குவதை முடிக்கும் க்ளோசிங் அன்று எடுக்கும் லெண்டர் டைட்டில் இன்சூரன்ஸ், வீட்டு உரிமையில் வில்லங்கம் வந்தால், கடன் கொடுத்தவரை மட்டுமே காக்கும். உங்களைக் காப்பது ஓனர்ஸ் பாலிசி. ஒரே முறை கட்டுவதுதான், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடனை அடைத்து முடித்ததும், ஈடு நீங்கியது என்று காட்டும் ரிலீஸ் பத்திரம் கவுண்டியில் பதிவானதா என்று நீங்களே பாருங்கள். அடைந்துபோன "ஒரிஜினல் நோட்டை"யும் கேட்டு வாங்கி, டீட் இருக்கும் ஃபைலிலேயே வையுங்கள்.