சோமாலி வரலாற்று ஆய்வுக்கு ஆங்கில ஆவணங்கள் மட்டும் போதுமா?

கேள்வி: வரலாற்றில் முதுகலை முடித்திருக்கிறேன். சையது முகமது அப்துல்லா ஹசனின் தர்வேஷ் இயக்கம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். பிரிட்டிஷ் ஆவணங்கள் ஏராளமாக இருக்கும்போது சோமாலி மொழியையும் கற்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் கற்க வேண்டும், தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. 1899 முதல் 1920 வரை, சோமாலியர் நிலத்தில் பிரிட்டிஷார் முதலான அந்நிய ஆட்சியாளரை எதிர்த்துத் தர்வேஷ் போராட்டத்தை நடத்திய சையது, சோமாலி மொழியின் தலைசிறந்த கவிஞர்களுள் ஒருவர். எதிரியை இகழவும், ஆதரவு திரட்டவும், தம் செயலுக்கு நியாயம் கூறவும் அவர் கவிதையையே கையாண்டார். 1913-இல் துல் மதோபாவில் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் கார்ஃபீல்டு கொல்லப்பட்டதை ஆங்கிலேயர் ஒரு படைப்பிரிவுக்கு நேர்ந்த இழப்பாகப் பார்த்தனர். சையதின் கவிதையோ, நரகத்துக்குப் புறப்பட்ட கார்ஃபீல்டை நேரே விளித்து, தான் மாண்ட விதத்தை மறுவுலகத்தாரிடம் எடுத்துச் சொல்லுமாறு பணிக்கிறது. அந்த வெற்றி தர்வேஷ்களுக்கு, அதாவது சையதின் போராளிகளுக்கு, என்ன பொருள் தந்தது என்பதை இக்கவிதையின் வழியாகவே அறிய முடியும். சயீத் சமதார் 1982-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இத்தகைய கவிதைகளை வரலாற்றுச் சான்றாக எப்படிப் படிப்பது என்பதற்கு நல்ல முன்மாதிரி.

சோமாலியின் 'கபாய்' என்னும் நெடுங்கவிதை வகையில் ஒரே எழுத்தின் மோனை முதலடி முதல் கடைசி அடி வரை, ஒவ்வொரு அரையடியிலும் வர வேண்டும். நம் மோனை பெரும்பாலும் ஓரடிக்குள் சீர்களை இணைப்பது. இதுவோ முழுப் பாட்டையும் கட்டிப்போடுவது. ஆகவே மோனை தவறிய அடியைக் கண்டால், மனப்பாடமாகக் கடத்தப்பட்டபோது பாடம் திரிந்திருக்கலாம் என்று ஐயுறலாம். அதேபோல, ஒரு சொல் மோனைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், அதன் நேர்ப்பொருளை மட்டும் வைத்து வரலாற்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சையதின் பாடல்களோடு நின்றுவிடாதீர்கள் என்பதையும் வலியுறுத்திச் சொல்கிறேன். அவரை எதிர்த்துப் பாடிய அலி ஜாமா ஹாபீல் போன்றோரையும் படிக்க வேண்டும். தர்வேஷ்களின் வாளுக்குச் சோமாலியரும் பலியாயினர். காதிரிய்யா என்னும் சூஃபி நெறியின் பெரியவரான ஷேக் உவைஸ் 1909-இல் அவர்கள் கையால்தான் கொல்லப்பட்டார். விடுதலை வீரர் என்ற ஒற்றைப் படிமம் இவற்றையெல்லாம் மறைத்துவிடுகிறது.

நூலகத் தேடலில் ஓர் இடர் உண்டு. 1972-இல்தான் லத்தீன் எழுத்து சோமாலிக்கு அதிகாரபூர்வமாக்கப்பட்டது. அந்த முறையில் 'சி' என்ற எழுத்து அரபு 'ஐன்' ஒலியையும், 'எக்ஸ்' என்ற எழுத்து தொண்டையிலிருந்து எழும் 'ஹ' ஒலியையும் குறிக்கும். சையதின் கவிதைகளைத் திரட்டி 1974-இல் பதிப்பித்த ஷேக் ஜாமா உமர் ஈசாவின் பெயரில் உள்ள 'உமர்', 'ஈசா' இரண்டும் சோமாலியில் 'சி' எழுத்தில் தொடங்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடினால் அவருடைய சோமாலிப் பதிப்புகள் கண்ணில் படாமலே போகலாம். முகமது என்ற பெயரையும் 'எக்ஸ்' இட்டு ஒருமுறை தேடிப் பாருங்கள்.

மொழி பயில ஜான் சயீதின் 1999-ஆம் ஆண்டு இலக்கணம் துணை நிற்கும். ஆனால் ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகுவதே முதன்மை. 'இனன்' என்ற சொல்லில் அழுத்தம் முதலசையில் விழுந்தால் பையன், இரண்டாம் அசையில் விழுந்தால் பெண். எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது. 1905-இல் சையது இத்தாலியரோடு இல்லிக் உடன்படிக்கை செய்துகொண்டதால், அடுத்த கட்டமாக இத்தாலிய மொழியிலும் வாசிக்கும் அளவுக்குப் பயிற்சி பெறுங்கள்.