எதைக் கையால், எதைத் தொலைவிலிருந்து?

கேள்வி: வேதிப் பொறியியல் இளநிலை மாணவர்களுக்கு ஆய்வகம் நடத்துகிறேன். கருவிகள் குறைவு. ஆறு பேர் குழுவில் இருவர் சோதனை செய்ய, மற்றவர்கள் அளவீடுகளைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். இணையம் வழியே இயக்கும் தொலைநிலைச் சோதனைகளுக்கு மாறினால் இது சரியாகுமா?

பதில்: ஓரளவு சரியாகும். ஆனால் முழுவதுமாக மாறிவிடாதீர்கள். பொறியியல் ஆய்வகம் எதைக் கற்பிக்க வேண்டும் என்று ஆராய 2002-இல் பொறியியல் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் அமெரிக்காவின் ஏபெட் (ABET) அமைப்பு கூட்டிய கலந்தாய்வு 13 நோக்கங்களை வகுத்தது. கருவியைக் கையாளும் திறனும், புலன்களால் உணர்ந்து முடிவெடுப்பதும் அவற்றில் அடங்கும். இவ்விரண்டும் திரைக்கு எட்டாதவை. பம்பில் காற்று புகுந்தால் எழும் ஓசையை நேரில் நின்று கேட்டவர்தான் அடுத்த முறை அடையாளம் காண்பார்.

ஆகவே குழாய் ஓட்டம், பம்ப் சோதனைகள் கைக்கே உரியவை. அளவீடுகள் சில நிமிடங்களில் மாறாமல் நிலைபெற்றுவிடுவதால், பிழை நேர்ந்தாலும் அங்கேயே திரும்பச் செய்யலாம். காய்ச்சி வடிக்கும் கோபுரம் அப்படியல்ல. நிலைபெறவே பல மணி நேரம் ஆகலாம். ஒரு வகுப்பில் ஒரே ஒரு ரிஃப்ளக்ஸ் விகிதத்தை (உச்சியில் குளிர்ந்த திரவத்தில் கோபுரத்துக்கே திரும்புவதற்கும் வெளியே எடுப்பதற்கும் உள்ள விகிதம்) பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். தொலைநிலை இயக்கத்துக்கு இதுவே பொருத்தமானது. ஆளுக்கொரு விகிதம் கொடுத்து, முடிவுகளை ஒரே வரைபடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் முறை மட்டும் எல்லோரும் கோபுரத்தைச் சுற்றிவந்து, குழாய்களைத் தாமே வரையட்டும். எத்தனால் போன்ற தீப்பற்றும் திரவம் இருந்தால் கோபுரத்தருகே பயிற்சி பெற்ற ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். குளிர்நீர் நின்றால் சூடாக்கி தானாக அணையும் அமைப்பும் கட்டாயம். இதில் சமரசமே கூடாது.

பார்த்து எழுதும் பழக்கத்துக்கு வேர், என் கணிப்பில், செய்முறைத் தாள்தான். 'வால்வைத் திற, அளவைக் குறி' என்றிருந்தால் சிந்திக்க என்ன இருக்கிறது? ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் குழாயின் இரு முனைகளுக்கிடையே அழுத்த வீழ்ச்சி எத்தனை மடங்காகும் என்று வால்வைத் தொடும் முன்பே ஒவ்வொருவரும் எழுதித் தரட்டும். திரவம் அடுக்கடுக்காகச் சீராக நகரும் வரிச்சீர் ஓட்டத்தில் 2 மடங்கு. வழவழப்பான குழாயில் சுழன்று கலந்து பாயும் கொந்தளிப்பு ஓட்டம் என்றால் சுமார் 3.4 மடங்கு. வெப்பப் பரிமாற்றியில் சுடுநீர் இழந்த வெப்பமும் குளிர்நீர் பெற்ற வெப்பமும் பொருந்தாதபோது, காரணம் வெளியே கசியும் வெப்பமா, வெப்பமானியின் பிழையா, நிலைபெறும் முன்பே அளந்த அவசரமா என்று வாதிடச் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் பெரும்பங்கை அந்த வாதத்துக்கே கொடுங்கள்.

குழுவை மூவராகக் குறையுங்கள். கோபுரம் தொலைவிலிருந்து இயங்குவதால் மிச்சமாகும் ஆய்வக நேரம் இதற்குப் பெரும்பாலும் போதும்.