இடமாற்ற உத்தரவில் கையெழுத்திட்டவர்கள்

அன்புள்ள ஐயா,

அதிகாரமும் நிறுவனங்களும் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கத்தோலிக்கப் பாதிரியார்கள் சிறுவர் சிறுமியரிடம் செய்த பாலியல் குற்றங்களைப் பற்றி அதில் ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். 'இதில் ஆட்களை விசாரித்தது போதாது, ஏற்பாட்டையும் விசாரிக்க வேண்டும்' என்று அதை முடித்திருந்தீர்கள். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்த வரி என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

"எல்லாத் துறையிலும் நாலு கெட்டவர்கள் இருப்பார்கள், அதற்காகத் திருச்சபையையே குறை சொல்வதா" என்கிறார் என் அண்ணன். "பாதிரியார்களைக் கல்யாணம் செய்துகொள்ள விட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறாள் என் தோழி. இரண்டுமே எனக்குப் போதவில்லை. ஆனால் நீங்கள் சொல்வதிலும் ஒரு நெருடல் இருக்கிறது. சூழல், ஏற்பாடு என்றெல்லாம் பேசினால் செய்தவன் தப்பித்துவிடமாட்டானா? பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அது இன்னொரு அநியாயம் ஆகாதா?

கடைசியாக ஒன்று. பூசையில் பாதிரியாருக்கு உதவும் பீடச்சிறுவனாகச் சேர என் மகன் ஆசைப்படுகிறான். நான் என்ன செய்யட்டும்?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

செய்தவன் தப்பித்துவிடமாட்டானா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பக் கூடாது. ஒரு பிள்ளையின் மீது கை வைத்தவனுடைய பொறுப்பு எந்தச் சூழலாலும் இம்மியளவும் குறையாது. ஏற்பாட்டைப் பற்றிப் பேசும்போது அவனுக்குப் பக்கத்தில் இன்னும் சிலரைக் கூண்டில் ஏற்றச் சொல்கிறேன், அவ்வளவுதான். அது ஏன் என்று சொல்ல அமெரிக்காவின் பாஸ்டன் மறைமாவட்டத்துக்குத்தான், அதாவது ஒரு ஆயரின் (பிஷப்பின்) பொறுப்பில் உள்ள பகுதிக்குத்தான், போக வேண்டும்.

ஜான் கேகன் என்ற பாதிரியார் அங்கே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல பங்குகளில் (ஒரு கோவிலும் அதைச் சேர்ந்த மக்களும்தான் ஒரு பங்கு) வேலை பார்த்தார். கணவன் துணை இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கத் திண்டாடும் தாய்மார்களின் வீடுகளாகப் பார்த்து நுழைவார். உதவி செய்வார், பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவார், இரவில் படுக்கையருகே உட்கார்ந்து ஜெபம் சொல்லித் தருவார். வீட்டுக்குச் சாமியார் வருவதே பெரும் பாக்கியம் என்று அந்தத் தாய்மார்கள் நினைத்தார்கள். 1982-இல் ஒரு பெண்மணி அந்த மறைமாவட்டத்தின் தலைவராக இருந்த அன்றைய கர்தினாலுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய உறவில் மட்டும் ஏழு சிறுவர்கள் கேகனால் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இந்த மனிதர் இன்னும் எப்படிப் பங்கில் இருக்கிறார் என்பதுதான் அவருடைய கேள்வி.

1984 செப்டம்பரில் புதிய பேராயர் பெர்னார்ட் லா, கேகனை அவர் அப்போது இருந்த பங்கிலிருந்து எடுத்தார். நவம்பரில் வெஸ்டன் என்ற ஊரின் பங்குக்கு அனுப்பினார். அங்கே அவருக்குக் கொடுத்த பொறுப்பைக் கவனியுங்கள்: பீடச்சிறுவர்கள் உட்பட மூன்று இளையோர் குழுக்கள். டிசம்பரில் துணை ஆயர் ஜான் டார்சி, இந்த நியமனம் சரியா என்று கேட்டு லாவுக்குக் கடிதமே எழுதினார். பலனில்லை. கேகன் முழுமையாகக் குணமாகிவிட்டார் என்று மருத்துவர்களிடமிருந்து சான்று வந்தது. 1989-இல் மறுபடி விடுப்பு, மறுபடி சிகிச்சை, மறுபடி அதே பங்கு. 2002 ஜனவரியில் பாஸ்டன் குளோப் நாளிதழ் இதை வெளிக்கொண்டு வந்தபோது அவர்மீது புகார் சொன்னவர்கள் 130 பேருக்கு மேல்.

முதல் பிள்ளைக்கு நடந்தது கேகனின் குற்றம். தெரிந்த பிறகும் அவரைப் பிள்ளைகள் நடுவே கொண்டுபோய் விட்டார்களே, அதற்கப்புறம் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த நியமன உத்தரவில் கையெழுத்திட்டவர்களும் பதில் சொல்லியாக வேண்டும். லா 2002 டிசம்பரில் பதவி விலகினார். 2004-இல் ரோமில் புகழ்பெற்ற ஒரு பெருங்கோவிலின் தலைமைக் குருவாக நியமிக்கப்பட்டார். எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

சரி, அண்ணன் சொல்லும் 'நாலு கெட்டவர்கள்'. அமெரிக்க ஆயர்களே, குற்றவியல் நீதி பயிற்றுவிக்கும் ஜான் ஜே கல்லூரியிடம் கேட்டுச் செய்வித்த ஆய்வு 2004-இல் வந்தது. 1950 முதல் 2002 வரை 4,392 பாதிரியார்கள்மீது புகார். அந்தக் காலத்தில் பணியில் இருந்தவர்களில் சுமார் 4 சதவீதம். புகார் சொன்னவர்கள் 10,667 பேர். மறைமாவட்டங்கள் தாங்களே கொடுத்த ஆவணங்களை வைத்துச் செய்த கணக்கு என்பதால் உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஆஸ்திரேலியாவில் அரசு அமைத்த விசாரணைக் குழுவான அரச ஆணையம் 1950 முதல் 2010 வரை பார்த்தபோது பாதிரியார்களில் 7 சதவீதம் பேர்மீது புகார் இருந்தது. செயின்ட் ஜான் ஆஃப் காட் என்ற அருட்சகோதரர்கள் சபையில் அது 40 சதவீதம். அந்தச் சபை நடத்தியவற்றில் உள்ளேயே தங்கிப் படிக்கும் சிறப்புப் பள்ளிகளும் உண்டு. அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகள், வெளியே போக வழியில்லாத இடம், இரவும் பகலும் கூடவே இருக்கும் பெரியவர்கள். ஒரே திருச்சபைக்குள் ஓரிடத்தில் 4, இன்னோரிடத்தில் 40 என்றால், பொறுக்கிகள் எல்லோரும் தற்செயலாக ஒரே வீட்டில் போய்ச் சேர்ந்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1979-இல் ஒரு எளிய விளக்கத்தை முன்வைத்தார்கள். குற்றம் நடக்க மூன்று ஒன்றுசேர வேண்டும்: செய்யத் துணிந்த ஒருவர், கைக்கு எட்டும் இலக்கு, தடுக்கக்கூடிய ஒருவர் பக்கத்தில் இல்லாமை. அவர்கள் பாதிரியார்களைப் பற்றி எழுதவில்லை. ஆனால் பங்கு இல்லத்தின் வாழ்க்கையை இதில் பொருத்திப் பாருங்கள். பாதிரியார் தனியாக வசிப்பார். அவருடைய அன்றாட வேலையை மேற்பார்வை பார்க்க யாரும் கிடையாது. ஆயர் எங்கோ தொலைவில். பிள்ளைகள் பூசைக்கு, பாடத்துக்கு, பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு, சுற்றுலாவுக்கு என்று தாங்களாகவே அவரிடம் வருவார்கள், பெற்றோரே அனுப்பி வைப்பார்கள். ஜான் ஜே ஆய்வில் குற்றம் நடந்த இடமாக அதிகம் வந்தது பாதிரியாரின் வீடு, சுமார் 41 சதவீதம். பிள்ளையின் சொந்த வீடும் அந்த வரிசையில் இருந்தது.

பாதிக்கப்பட்டவர்களில் 81 சதவீதம் ஆண்பிள்ளைகள். அதை வைத்து ஓரினச்சேர்க்கைதான் காரணம் என்று பலர் முடிவு கட்டினார்கள். அதே கல்லூரியின் 2011 ஆய்வு இதை ஏற்கவில்லை. பாதிரியாரோடு தனியாக இருக்க விடப்பட்டவர்கள் யார் என்று யோசித்தாலே விஷயம் புரியும். பீடத்தில் உதவி செய்யச் சிறுமிகளையும் அனுமதிக்கலாம் என்று ரோம் தெளிவாகச் சொன்னதே 1994-இல்தான். விடுதியிலும், சிறுவயதிலேயே குருவாகப் பயிற்சிக்குச் சேரும் சிறு குருமடத்திலும் இருந்தவர்கள் பையன்கள். கைக்கு எட்டியவர்கள் அவர்கள்தான்.

இப்போது உங்கள் தோழியின் வாதம். அதை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். ஜெர்மன் ஆயர்கள் செய்வித்து 2018-இல் வெளியான ஆய்வில் மறைமாவட்டக் குருக்களில் 5.1 சதவீதம் பேர்மீது குற்றச்சாட்டு இருந்தது. குருவுக்கு அடுத்த படியில் இருக்கும், கல்யாணமானவர்களும் ஆகக்கூடிய திருத்தொண்டர்களில் அது 1 சதவீதம். பெரிய வித்தியாசம். ஆனால் திருத்தொண்டருக்கு வீட்டில் மனைவி இருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள், எங்கே போனீர்கள் என்று கேட்க ஆள் இருக்கும். பாவமன்னிப்பு கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, பங்கின் முழுப் பொறுப்பும் அவர் கையில் இல்லை. ஆக, வித்தியாசம் மணவாழ்வால் வந்ததா, கண்காணிப்பாலும் குறைந்த அதிகாரத்தாலும் வந்ததா என்று பிரிப்பது கஷ்டம். இன்னொன்று, மணத்துறவு, அதாவது பாதிரியார்கள் மணம் செய்துகொள்ளாமல் இருப்பது, பல நூற்றாண்டுகளாக மாறாமல் இருக்கிறது. அமெரிக்கக் குற்றங்களோ 1960-களில் ஏறி 1980-களில் இறங்கத் தொடங்கின. மாறாத ஒன்றை வைத்து மட்டும் இந்த ஏற்ற இறக்கத்தை விளக்க முடியாது. ஆஸ்திரேலிய ஆணையம், மணத்துறவு நேரடிக் காரணம் இல்லை, மற்றவற்றோடு சேரும்போது ஆபத்தைக் கூட்டுகிறது என்றது. நானும் அந்தப் பக்கம்தான். பாதிரியார்கள் மணம் முடிக்கலாம் என்று நாளையே அறிவித்தாலும், பூட்டிய அலமாரி பூட்டியபடியே இருந்தால் பெரிதாக ஒன்றும் மாறாது.

அலமாரி என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. திருச்சபைச் சட்டத்தின் 489-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஆயர் அலுவலகத்திலும் ஒரு இரகசியக் காப்பகம், குறைந்தது ஒரு பூட்டிய அலமாரி, இருக்க வேண்டும். அதன் சாவி ஆயரிடம் மட்டும் இருக்க வேண்டும் என்கிறது அடுத்த பிரிவு. ஒழுக்கம் சார்ந்த குற்ற வழக்குகளில், குற்றவாளி இறந்துவிட்டாலோ தீர்ப்பாகிப் பத்தாண்டு கடந்துவிட்டாலோ, ஆவணங்களை ஆண்டுதோறும் அழித்துவிட வேண்டும். சுருக்கக் குறிப்பும் தீர்ப்பும் மட்டும் மிஞ்சும். சிறுவயதில் பாதிக்கப்பட்டவர் திருச்சபையிடம் முறைப்படி புகார் கொடுக்கச் சராசரியாக 33 ஆண்டுகள் ஆயின என்பது ஆஸ்திரேலியக் கணக்கு. அவர் பேச வரும்போது காகிதம் இருக்காது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் குற்றங்களை விசாரிக்கக் கூட்டப்பட்ட நடுவர் குழு 2018-இல் வெளியிட்ட அறிக்கையில் 300-க்கும் மேற்பட்ட பாதிரியார்களும் 1,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளும் வருகிறார்கள். எனக்கு அதில் மறக்க முடியாதது அலுவலக மொழி. பாலியல் வல்லுறவு என்று எழுதமாட்டார்கள், 'தகாத தொடர்பு' என்றுதான் எழுதுவார்கள். ஒருவரை விலக்கினால் மக்களிடம் காரணம் சொல்லமாட்டார்கள், 'உடல்நல விடுப்பு' என்று அறிவிப்பு வரும். இப்படிப் பூசி மெழுக ஒருவருக்கொருவர் சொல்லி வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அந்த அலுவலகத்தில் சேர்கிறவர் பழைய கோப்புகளைப் படித்தே கற்றுக்கொண்டுவிடுவார்.

தெரியாமல் நடந்தது, அந்தக் காலத்தில் யாருக்கும் புரியவில்லை என்பார்கள். 1950-களிலேயே ஜெரால்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பாதிரியார், சிக்கலுக்குள்ளான குருக்களுக்காக நியூ மெக்சிகோவில் இல்லம் நடத்தியவர், இப்படிப்பட்டவர்களைத் திரும்பப் பணிக்கு அனுப்பாதீர்கள் என்று ஆயர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அயர்லாந்தின் டப்ளின் மறைமாவட்டம் 1987-இல் இத்தகைய வழக்குகளின் இழப்பீட்டுச் செலவுக்காகக் காப்பீடு எடுத்தது. வருமென்று தெரியாததற்கு யாராவது காப்பீடு எடுப்பார்களா? 2009-இல் அந்த மறைமாவட்டத்தை விசாரித்த அரசின் மர்ஃபி ஆணையம் இந்தக் காப்பீட்டைச் சுட்டிக்காட்டித்தான், அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றது. இரகசியம் காப்பது, அவப்பெயரைத் தவிர்ப்பது, திருச்சபையின் மதிப்பையும் சொத்தையும் பாதுகாப்பது, இவைதான் அங்கே முதலிடம் பெற்றன என்றும் சொன்னது. பிள்ளை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

மாற்றம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த வழக்குகளுக்கு இருந்த 'திருத்தந்தை இரகசியம்' என்ற கடுமையான இரகசியக் காப்பு விதியை நீக்கினார். அதே ஆண்டு, குருக்களும் துறவிகளும் தங்களுக்குத் தெரிந்ததைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று சட்டமும் கொண்டுவந்தார். ஆனால் அறிவிக்க வேண்டியது திருச்சபை அதிகாரியிடம். காவல்துறைக்குச் சொல்வதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டுவிட்டார்கள். ஆயர்மீது புகார் வந்தால் வழக்கமாக அதை விசாரிப்பவர் பல மறைமாவட்டங்கள் சேர்ந்த அந்தத் திருச்சபை மாநிலத்தின் பேராயர், அதாவது இன்னொரு ஆயர். இந்த இடத்தில் வெளியாட்களுக்குக் கட்டாய இடம் கொடுக்காமல் விட்டது பெரிய குறை.

உங்கள் மகனைப் பற்றி. அவன் ஆசையை நான் தடுக்கச் சொல்லமாட்டேன். பங்குத்தந்தை நல்லவரா என்று விசாரித்துக்கொண்டிருக்காதீர்கள். கேகனையும் எல்லோரும் நல்லவர் என்றுதான் சொன்னார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. ஆடை மாற்றும் அறையில் இன்னொரு பெரியவர் இருக்கிறாரா, கதவு திறந்திருக்கிறதா. பிள்ளைகளின் பாவசங்கீர்த்தனம் இன்னொரு பெரியவரின் பார்வை படும் திறந்த இடத்தில் நடக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலிய ஆணையத்தின் பரிந்துரை. உங்கள் பங்கில் அப்படி நடக்கிறதா என்று பாருங்கள். தனியாகச் சுற்றுலா, பங்கு இல்லத்தில் இரவுத் தங்கல் என்று யார் அழைத்தாலும் அனுப்பாதீர்கள். கூச்சப்படாமல் பங்குத்தந்தையிடமே கேளுங்கள், மற்ற பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். மகனிடம், ஃபாதர் சொன்னாலும் அம்மாவிடம் மறைக்க வேண்டிய ரகசியம் எதுவும் கிடையாது என்று சொல்லி வையுங்கள், ஒரு தடவை சொன்னால் போதாது. என்றைக்காவது அவன் எதையாவது சொன்னால் முதலில் நம்புங்கள். நேரே காவல்நிலையத்துக்குப் போங்கள், ஆயர் இல்லத்துக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்.