மலைப்பாதை – வாசகர் கேள்வி பதில்: காட்டுக்குள் டெண்ட் அடிக்கலாமா?

(பழனி மலைக் கிராமங்களுக்கு 31 ஆண்டுகள் தபால் சுமந்து நடந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

வட கரோலினாவில் இருக்கும் என் மகன் போன அக்டோபரில் எங்களைப் பிஸ்கா தேசிய வனத்துக்கு அழைத்துப் போனான். முதுகுப்பையோடு காட்டுக்குள் நடந்து, பிடித்த ஒரு மேட்டில் டெண்ட் அடித்து இரண்டு ராத்திரி தங்கினோம். குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, கட்டணமும் இல்லை. அங்கே அது சட்டப்படி சரியாம். அதேபோலப் பேரிஜத்துக்கு அப்பால் தங்க ஆசை. யாரிடம் அனுமதி கேட்பது? – எஸ்.எம்., ஒட்டன்சத்திரம்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த மேட்டில் விடிந்ததை நீங்கள் எழுதியிருந்த விதம் மனதிலேயே நிற்கிறது. ஆனால் பதில், முடியாது என்பதுதான். பேரிஜம் ஏரிக்கே பகலில் வனத்துறையின் அனுமதிச் சீட்டோடுதான் போக முடியும். அதற்கு அப்பால் மூணாறு போகும் பழைய ரோடு மூடிக் கிடக்கிறது. ராத்திரி தங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டு ஊர்ச் சட்டமும் வேறு வேறு இடத்திலிருந்து கிளம்புகின்றன. அமெரிக்கத் தேசிய வனங்களில் மரம், தண்ணீர், மேய்ச்சலோடு மக்கள் வந்து உலாவுவதும் காட்டின் பயன்களில் ஒன்று என்று 1960-லேயே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அதனால் தடுத்த இடம் தவிர மற்ற இடத்தில் தங்கலாம். பல வனங்களில் ஒரே இடத்தில் 14 நாள் வரை விடுகிறார்கள். நம் காப்புக்காடு 1882-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வருவது. அதில் அனுமதித்த இடம் தவிர மற்றது எல்லாம் மூடல். அதன்மேல் 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு, மேல்மலைக் காட்டின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிட்டது. அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம், டெண்ட் அடிக்கவே வேண்டாம்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் நடந்த காட்டில் ராத்திரி என்பது விலங்குகளின் நேரம். அங்கே உங்கள் மகன் சாப்பாட்டைக் கரடிக்கு எட்டாமல் மரத்தில் கட்டித் தொங்கவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். யானையிடம் அந்த வேலை நடக்காது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், ஒரு தங்கும் விடுதியின் டெண்டில் இருந்த பெண்ணை யானை கொன்றது. துணிச் சுவர் யானைக்குச் சுவரே இல்லை.

முதுகுப்பையோடு நடக்கும் ஆசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கொடைக்கானலிலிருந்து 18 கிலோமீட்டரில் பூம்பாறை. அங்கே குழந்தை வேலப்பர் கோயிலில் கும்பிட்டுவிட்டு மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று ஊரிலிருந்து ஊருக்கு நடக்கலாம். பகலில் நடை, ராத்திரி ஊருக்குள் படுக்கை. நான் அப்படித்தான் நடந்தேன். இரண்டாம் நாள் மன்னவனூர்ப் புல்வெளிக்கு வரும்போது, பிஸ்காவில் நீங்கள் தேடிப் போனது இங்கேயும் இருப்பது தெரியும். காட்டுப்பாதையிலேயே நடக்க வேண்டுமென்றால், வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் முன்பதிவு செய்து, கூட வரும் உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். மாநிலம் முழுக்க 40 பாதைகளோடு ஆரம்பித்தார்கள். காரில் வந்தால் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம்.

நாங்கள் ஐந்து கல்லூரி நண்பர்கள். மார்ச்சில் மலைக்கு வருகிறோம். சின்னதாக ஒரு கேம்ப் ஃபயர், கல் அடுக்கி, கவனமாக. அதில் என்ன தப்பு? – மதுரை மாணவர்கள்

தம்பிகளா, வேண்டாம். மார்ச்சில் நிச்சயமாக வேண்டாம்.

தீ கல்லுக்கு நடுவில் நிற்கும் என்று நினைக்கிறீர்கள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் கருகிய புல் பிப்ரவரியில் காகிதம் மாதிரி காய்ந்து கிடக்கும். சுற்றிலும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நட்டு வளர்த்த பைனும் தைலமரமும். தைல இலையில் எண்ணெய் இருக்கிறது, பைன் ஊசி ஒரு சாண் மெத்தையாகக் கிடக்கிறது. காற்றில் ஒரு பொறி பறந்தால் போதும். இன்னொன்று கேளுங்கள். மேலே தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகும், மக்கிய இலைமண்ணுக்குள் நெருப்பு புகையாமல் நகரும். அணைந்தது என்று விட்டுப்போன இடத்துக்குப் பத்தடி தள்ளி மறுநாள் புகை கிளம்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தபால் பையை இறக்கி வைத்துவிட்டு, ஊர்க்காரர்களோடு பச்சைக் கொப்பு ஒடித்து அடித்து அணைத்தோம். அன்று முழுக்க என் சட்டையில் அந்த வாடை போகவில்லை.

2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அது போடிப் பக்கத்து மலை, ஆனால் புல் ஒன்றுதான், காற்று ஒன்றுதான். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் உங்களைப் போல இளவயதுக்காரர்கள். அந்த வருடமே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். உங்கள் பயணத்தை டிசம்பர் கடைசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மலை பச்சையாக இருக்கும், வானமும் தெளிந்திருக்கும்.

கவுஞ்சியில் எங்களுக்குத் தெரிந்த விவசாயியின் பட்டா நிலத்தில் ஜனவரியில் ஒரு ராத்திரி டெண்ட் போடப்போகிறோம். குளிருக்கு என்ன எடுத்துப்போவது? – கே.வி., உடுமலைப்பேட்டை

முதலில் அந்த விவசாயியிடம், நிலம் காட்டை ஒட்டி இருக்கிறதா, ராத்திரி காட்டுமாடு இறங்கும் வழியா என்று கேளுங்கள். ஊராட்சியிலும் வனத்துறையிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காசுக்கு டெண்ட் விடும் இடமானால் அனுமதிக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் தங்காதீர்கள்.

இனி குளிர். எல்லாரும் மேலே போர்த்துவதைப் பற்றியே யோசிக்கிறார்கள். குளிர் கீழேயிருந்து வருகிறது.

எனக்கு அது தெரிந்தது ஒரு தை மாதத்தில். சாயங்காலம் மஞ்சு இறங்கி நாலடிக்கு மேல் பாதை தெரியவில்லை. வழியில் உருளைக்கிழங்கு போட்டு வைக்கும் ஒரு கொட்டகையில் ஒதுங்கினேன். இரண்டு கம்பளி இருந்தது. இரண்டையும் மேலே போர்த்திக்கொண்டு மண் தரையில் படுத்தேன். நடு ராத்திரிக்குள் முதுகு மரத்துப்போய், பற்கள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. எழுந்து உட்கார்ந்து, மூலையில் கிடந்த காலிச் சாக்கு பத்துப் பன்னிரண்டை எடுத்துக் கீழே அடுக்கினேன். ஒரு கம்பளி கீழே, ஒன்று மேலே. அப்புறம் விடியும்வரை தூங்கினேன். அதே கம்பளிதான், இடம் மாறியதுதான் வித்தியாசம். ஆகவே நல்ல ஸ்லீப்பிங் பேக் வாங்க ஆகும் காசில் பாதியை அடியில் விரிக்கும் பாய்க்கு ஒதுக்குங்கள். வாங்க முடியாவிட்டால் காய்ந்த வைக்கோலை ஒரு முழம் பரப்பி, மேலே தார்ப்பாய் விரித்தால் போதும்.

இடம் பார்ப்பதும் முக்கியம். பள்ளத்தில், ஓடையோரச் சமதளத்தில் டெண்ட் போடத் தோன்றும். குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி தண்ணீரைப் போலப் பள்ளத்தில் வந்து தேங்கும். காலையில் வெள்ளையாக உறைபனி படிவது அங்கேதான். முப்பதடி மேலே ஏறி, காற்று மறைப்பாக ஒரு மேடு இருந்தால் அங்கே போடுங்கள். மரத்தடி வேண்டாம். வாட்டில் மரத்தின் வேர் ஆழம் போகாது, ஈர மண்ணில் சட்டென்று சாய்ந்துவிடும்.

டெண்டை இறுக மூடிக்கொண்டால் கதகதப்பாக இருக்கும் என்பதும் தவறு. நம் மூச்சின் ஈரமே உள்பக்கம் படிந்து, விடிகாலையில் மேலே சொட்டும். மேலே ஒரு வாய் திறந்திருக்கட்டும். குளிருக்குப் பயந்து அடுப்பையோ கரிச்சட்டியையோ உள்ளே கொண்டுபோகவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும்.

சமையலுக்குச் சின்ன கேஸ் குப்பி எடுத்துப்போவீர்கள். அதில் பெரும்பாலும் பியூட்டேன்தான். பூஜ்ஜியம் டிகிரி பக்கம் போனால் அது ஆவியாகாது, அடுப்பு சுணங்கும். ராத்திரி குப்பியைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டால் காலைக் காபி கிடைக்கும். 7,000 அடியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் சோறு வேக நேரம் பிடிக்கும், அவசரப்பட்டால் விதை விதையாக நிற்கும். அவல், வறுத்த ரவை, வீட்டில் இடித்த பருப்புப்பொடி போதும். என் பையில் எப்போதும் கடலை உருண்டை இருக்கும். கனமான சாமானைப் பையில் முதுகை ஒட்டி, தோள்பட்டை உயரத்துக்கு வையுங்கள். அடியில் வைத்தால் பை பின்னால் இழுக்கும். மாற்றுத் துணியை பிளாஸ்டிக் பையில் சுற்றுவதற்குப் பதில் ஒரு தார்ப்பாய்த் துண்டில் சுற்றுங்கள். தண்ணீருக்குச் சில்வர் பாட்டில். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் தடை.

ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாமா? காட்டுப்பக்கம் கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் என்ன செய்வது? – ஒரு வாசகி, பழனி

தண்ணீர் தெளிவாக இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று மேலே பாருங்கள். மேலே சோலை மட்டும் என்றால், மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்துக் குடிக்கலாம். மேலே பூண்டோ, கேரட்டோ, உருளையோ போட்ட படிக்கட்டு வயல் இருந்தால் தொடாதீர்கள். கொதித்தால் கிருமி சாகும், பூச்சிமருந்து போகாது.

இரண்டாவது கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்டதற்கு நன்றி அம்மா. அமெரிக்கக் காட்டு விதி ஒன்று இங்கேயும் அப்படியே பொருந்தும்: தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி, அதாவது எண்பது எட்டு வைத்து, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, போனதும் மூடுவது. சின்ன மண்வெட்டி ஒன்று பையில் இருக்கட்டும். நாப்கினையும் ஈரத் துடைப்புத்தாளையும் புதைக்காதீர்கள், பன்றி கிளறிப்போடும். மூடியுள்ள டப்பாவில் போட்டு ஊருக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். பழனி மலையின் வடக்குச் சரிவு ஓடைகள் அமராவதிக்கும், தெற்குச் சரிவு ஓடைகள் வைகைக்கும் போகின்றன. கீழே உங்கள் வீட்டுக் குடத்துக்கு வருவதும் இந்த மலைத் தண்ணீர்தான்.

பாதையில் காட்டுமாடு நின்றால்? – ஆர்.பி., தேனி

நின்ற இடத்திலேயே நில்லுங்கள். அது உங்களைப் பார்த்துவிட்டது என்று தெரிந்தால் மெதுவாகப் பின்னால் நகர்ந்து, பெரிய மரம் ஒன்றை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கிடா ஒரு டன் எடை வரும். சாதுவாக மேய்கிறது என்று போனைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனவர்களைத்தான் அது முட்டுகிறது. கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது. எனக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் வழிவிடாமல் நின்றது. அன்றைக்குத் தபால் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. யாரும் கோபிக்கவில்லை.

மலையேறி வந்து பத்து நாள் கழித்து விடாத காய்ச்சல். டெங்கு இல்லை என்கிறார்கள். – பெயர் வேண்டாம், திண்டுக்கல்

இன்றைக்கே மருத்துவரிடம் போய், புதர்க்காட்டில் நடந்தேன் என்று வாயால் சொல்லுங்கள். இடுப்பு, அக்குள், தொடை இடுக்கில் வலிக்காத கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே தீரும், விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். கடிதம் அச்சாகும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்கு நேரிலும் எழுதிவிட்டேன்.

எனக்கு 58 வயது. என் பாட்டி பெரியகுளத்திலிருந்து தலைச்சுமையோடு வெள்ளகவி வழியாகக் கொடைக்கானல் ஏறியிருக்கிறாள். ஒருமுறை அந்தப் பாதையில் நடக்க வேண்டும். முடியுமா? – ஒரு வாசகி, பெரியகுளம்

முடியும் அம்மா. 1914-ல் காட் ரோடு வருவதற்கு முன் மலைக்கு இருந்த முக்கிய வழிகளில் ஒன்று அது.  கும்பக்கரையிலிருந்து ஏறினால் 5,000 அடிக்கு மேல் ஏற்றம், உங்கள் பாட்டிக்கு அது பழக்கம். நீங்கள் மேலேயிருந்து தொடங்குங்கள். அனுமதியும் வழிகாட்டியும் உறுதியான பிறகு, வட்டக்கானலில் விடிந்ததும் இறங்க ஆரம்பியுங்கள். இறக்கம் மூச்சு வாங்காது, முழங்காலைப் பிடிக்கும். ஒரு மூங்கில் கம்பு கையில் இருக்கட்டும், ஷூவை விரல் முன்னால் இடிக்காதபடி இறுக்கிக் கட்டுங்கள். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், அட்டையும் வழுக்கலும் சேர்ந்துகொள்ளும்.

வெள்ளகவி எல்லைக்கு வந்ததும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊரே கோயில் என்பது அவர்கள் எண்ணம். யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்து, பாட்டி இந்த வழியாகச் சுமை கொண்டுபோனவர் என்று சொல்லுங்கள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று அங்கே பார்த்துவிட்டு, கும்பக்கரைக்கு இறங்குவதா திரும்பி ஏறுவதா என்று முடிவு செய்யலாம்.